நடுவில் நிற்பவரின் கணக்கு

2021 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், 18,755 பேர் பார்த்திருக்க, விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணி நெப்ராஸ்காவை ஐந்து செட்களில் வென்று கல்லூரி வாலிபாலின் தேசியப் பட்டத்தை முதல் முறையாகக் கைப்பற்றியது. 22-25, 31-29, 25-23, 23-25, 15-12. ஐந்து செட்களையும் கூட்டினால் விஸ்கான்சின் எடுத்தது 116 புள்ளி, நெப்ராஸ்கா எடுத்தது 114. இரண்டே புள்ளி இடைவெளி. அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனை என்று பயிற்சியாளர் சங்கம் தேர்ந்தெடுத்த டேனா ரெட்கிதான் விஸ்கான்சினின் மிடில் பிளாக்கர். ஆனால் அந்த இறுதியாட்டத்தில் அவர் அடித்து எடுத்தவை 11 புள்ளிகள் மட்டுமே. இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குப் போகவில்லை. இறுதியாட்டத்தில் 14 புள்ளி அடித்த முதலாண்டு மாணவி ஆனா ஸ்மிரெக்குக்குப் போனது. அந்த விருதில் தவறில்லை, ஸ்மிரெக் அதற்குத் தகுதியானவர்தான். ஆனாலும் வாலிபாலில் நடுவில் நிற்கும் ஆட்டக்காரரை நாம் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறோம் என்பதை அந்த இரவின் கணக்கைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது. மிடில் பிளாக்கரின் ஆட்ட வாழ்வை அவர் எடுத்த புள்ளிகளைக் கொண்டு அளப்பது பிழை. எதிரணி எதைச் செய்ய முடியாமல் போனது, தன் அணியினர் எதைச் செய்ய முடிந்தது என்ற இரண்டைக் கொண்டுதான் அதை அளக்க வேண்டும். ரெட்கியின் ஐந்தாண்டுக் கல்லூரி வாழ்வை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அந்த இடத்தின் வேலையைப் புரிந்துகொள்வோம். ஒரு பக்கம் ஆறு பேர். வலையோரம் மூவர், பின்னால் மூவர். மூவரில் நடுவில் நிற்பவர்தான் மிடில் பிளாக்கர். வலையோரம் ஆடுகளத்தின் அகலம் ஒன்பது மீட்டர். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். எதிரணியின் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எழுப்பிக் கொடுப்பவர், பந்தை இடது ஓரத்துக்குத் தூக்கலாம், வலது ஓரத்துக்குத் தூக்கலாம், நேர் நடுவில் தாழ்வாகவும் கொடுக்கலாம். ஓரத்தில் நிற்கும் தடுப்பாளருக்குத் தன் பக்கத்தைக் காத்தால் பெரும்பாலும் போதும். நடுவில் நிற்பவரோ மூன்று இடங்களுக்கும் பொறுப்பு. பந்தைப் பார்க்க வேண்டும், உடனே செட்டரின் உடம்பைப் பார்க்க வேண்டும், மறுபடி பந்தை, அதன் பிறகு அடிக்க ஓடிவருபவரின் தோளை. பந்து ஓரத்துக்குப் போகிறது என்று தெரிந்த கணத்தில் மூன்று நான்கு மீட்டர் பக்கவாட்டில் ஓடி, ஓரத் தடுப்பாளரின் தோளோடு தோள் சேர்ந்து குதித்து, நடுவில் சந்து விடாமல் கைகளை வலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும். வேகமான ஆட்டத்தில் இத்தனைக்கும் ஒரு நொடி அளவே கிடைக்கும். சந்து விழுந்துவிட்டால் பந்து அதன் வழியே போகும். பின்னால் நிற்பவர்களால் அதைப் பிடிக்க முடியாது. சந்தே விழாமல் மூடிவிட்டாலும் பல வேளை ஸ்கோர் தாளில் அவருக்கு ஒன்றும் ஏறாது. அடிப்பவர் இரண்டு ஜோடிக் கைகளைக் கண்டு, ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு மெதுவாகத் தட்டிவிடுவார். பின்வரிசை அதை எளிதாக எடுக்கும். எதிர்த் தாக்குதலில் வேறொருவர் புள்ளி எடுப்பார். அந்தப் புள்ளியின் வேர் நடுவில் நடந்த ஓட்டத்தில் இருக்கிறது. அதற்குத் தாளில் கட்டமே கிடையாது.

தாக்குதலில் இந்த மறைவு இன்னும் ஆழமானது. தன் அணி சர்வீஸைப் பிடித்துச் செட்டருக்குப் பந்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால், மிடில் பிளாக்கர் செட்டரின் கைக்குப் பந்து வரும் நேரத்திலேயே ஓடி மேலே எழும்பியிருக்க வேண்டும். பந்து தனக்கு வருமா என்பது அவருக்கே தெரியாது. வராவிட்டாலும், வரும் என்று எதிரணி நம்பும் அளவுக்கு முழு மூச்சோடு குதித்தாக வேண்டும். எதிர்ப்பக்கத்து நடு ஆட்டக்காரர் அதை நம்பி அவரோடு கூடவே எழும்பினால், ஓரத்துக்குப் போகும் பந்தைத் தடுக்க ஒருவர் மட்டுமே மிஞ்சுவார். நம்பாமல் நின்றால் செட்டர் நடுவிலேயே கொடுத்துவிடுவார். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ரன் கொடுக்காமல் இறுக்கிப் போடுபவர் இருக்கும்போது மறுமுனையில் விக்கெட் விழுவதைப் பார்த்திருக்கிறோம்; விக்கெட் எடுத்தவர் பெயர்தான் செய்தியில் வரும். நடுவிலிருந்து பந்தே வராமல் குதிக்கும் ஒவ்வொரு குதிப்பும் அப்படிப்பட்ட ஓவர்தான். ஒரு செட்டில் அப்படி எத்தனை முறை குதித்தார் என்பதைப் பார்வையாளர் எவரும் எண்ணுவதில்லை.

இதற்கும் மேல் ஆட்டத்தின் விதியே அவரைப் பாதி நேரம் வெளியே உட்கார வைக்கிறது. சர்வீஸ் எதிரணியிடமிருந்து கைமாறி வரும்போதெல்லாம் அதைப் பெறும் அணியினர் இடம் மாறிச் சுழல வேண்டும் என்பதால் நடுவில் நின்றவரும் பின்வரிசைக்குப் போவார். அங்கே பந்தெடுப்பதில் தேர்ந்த லிபரோ அவருக்குப் பதிலாக உள்ளே வருவார். சர்வதேச ஆட்டத்தில் 1998-லும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 2002-லும் லிபரோ முறை வந்த பிறகு, உயரமான நடு ஆட்டக்காரரின் வேலை வலையோரத்து மூன்று சுற்றுகளாகச் சுருங்கியது. ஆக, அவர் கைக்குக் கிடைக்கும் பந்துகளின் எண்ணிக்கை ஓரத்திலிருந்து அடிக்கும் ஹிட்டர்களுடையதைவிடக் குறைவாக இருப்பது அவரது திறமைக் குறைவால் அல்ல. அந்த இடமே அப்படி அமைந்தது.

இனி ரெட்கியின் ஆண்டுகளுக்கு வருவோம். இல்லினாய் மாநிலத்தின் ரிவர்சைடு ஊரைச் சேர்ந்த அவர் பள்ளியில் கூடைப்பந்தும் ஆடியவர்; உயரம் ஏறத்தாழ 203 சென்டிமீட்டர். 2017-ல் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே தேசிய அளவில் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார்; நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்து அறிவிக்கும் முதல்தர நட்சத்திர அணியிலும் இடம் கிடைத்தது. அவரோடு அதே ஆண்டில் சேர்ந்தவர் செட்டர் சிட்னி ஹில்லி. இந்தச் சேர்க்கையை ஒரு துணைச் செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. நடு ஆட்டக்காரரும் செட்டரும் ஒருவர் நேரத்தை மற்றவர் உடம்பால் அறிந்திருந்தால்தான் நடுவில் தாழ்வாகக் கொடுக்கும் அந்த வேகப் பந்து நடக்கும். கால் அடி முன்னோ பின்னோ போனால் பந்து கைக்கு அப்பால் போய்விடும். அதற்கு ஆயிரக்கணக்கான முறை சேர்ந்து பழக வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் அப்படிப் பழகும் காலம் பலருக்கு வாய்ப்பதே இல்லை. இவர்கள் இருவருக்கும் ஐந்தாண்டுகள் வாய்த்தன.

அப்படியிருந்தும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் விஸ்கான்சின் கடைசி நான்கு அணிகளுக்குள் வரவில்லை. 2019-ல் இறுதியாட்டம் வரை போய், பிட்ஸ்பர்கில் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றது. அன்று ஸ்டான்ஃபோர்டின் பக்கம் கேத்ரின் பிளம்மர் என்ற ஓரத்து ஹிட்டர் நின்றார். அடுத்த பருவம் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 வசந்தத்தில் நடந்தது. அதுவரை தோல்வியே காணாமல் முதலிடத்தில் வந்த விஸ்கான்சின், ஒமாஹா நகரில் அரையிறுதியில் டெக்சாஸிடம் நேர் செட்களில் வீழ்ந்தது. நான்கு ஆண்டுகள், நான்கு முறையும் முதல்தர நட்சத்திர அணியில் ரெட்கி. பட்டம் மட்டும் இல்லை. ஒருவரது தனித் திறமைக்கும் அணியின் முடிவுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? என் பதில் இது: வாலிபாலில் பிறர் கையை மிக அதிகமாகச் சார்ந்து நிற்கும் இடம் நடு இடம். சர்வீஸைப் பிடிக்கும் பாஸ் வலையை விட்டு இரண்டு மீட்டர் விலகினாலே செட்டர் ஓட வேண்டியிருக்கும். உடனே முதலில் கைவிடப்படுவது நடுத் தாக்குதல்தான். ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிப் போடுவதுதான் அப்போது ஒரே வழி. உலகின் மிகச் சிறந்த மிடில் பிளாக்கரானாலும், தன் அணியின் பாஸ் தடுமாறும் செட்டில் தாக்குதலில் காணாமல் போவார். ஓரத்து ஹிட்டரோ மோசமான பாஸிலிருந்தும் புள்ளி எடுத்துத் தன் பெயரை நிறுத்திக்கொள்ள முடியும்.

2021-ன் இறுதியாட்டம் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகிறது. விஸ்கான்சின் அன்று பிளாக்கில், அதாவது வலையோரத் தடுப்பில் மட்டும் 24 புள்ளிகள் எடுத்தது; இறுதியாட்டங்களில் அதற்கு முன் எந்த அணியும் அத்தனை எடுத்ததில்லை. 116-ல் 24 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அவற்றில் 13-ல் ரெட்கியின் கை இருந்தது. இரண்டு புள்ளி இடைவெளியில் தீர்ந்த ஆட்டத்தில் இந்த எண்ணிக்கையின் எடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலையோரத்தில் 203 சென்டிமீட்டர் ஆட்டக்காரர் வேகப் பந்துக்கு எழும்பும்போதும், செட்டரின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஒற்றைக் காலில் எழும்பி அடிக்கும் ஸ்லைடு என்ற தாக்குதலுக்குப் பாயும்போதும், நெப்ராஸ்காவின் நடு ஆட்டக்காரர் அவரை விட்டு நகர முடியாது. அதே நேரத்தில் வலது பக்கம் ஸ்மிரெக் அடித்தார். அந்த 14 புள்ளிகளில் எத்தனை, எதிரணியின் கண்ணை ரெட்கி பிடித்து வைத்திருந்ததால் கிடைத்தவை என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாது என்பதால் அவை இல்லை என்றாகிவிடாது.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு உயரம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர் வலையோரம் நின்றாலே போதுமே, இதில் ஆட்ட அறிவு என்ன என்று கேட்பார்கள். உயரம் இல்லாமல் அந்த இடத்துக்குத் தேர்வாவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது அந்த இடத்தின் நுழைவுச் சீட்டு. ஆனால் நுழைந்த பிறகு ஆட்டத்தை உயரம் ஆடுவதில்லை. நீண்ட உடம்பைப் பக்கவாட்டில் விரைவாக நகர்த்துவது குட்டையானவரைவிட நெட்டையானவருக்கே கடினம். அதனால்தான் செட்டர்கள் உயரமான நடு ஆட்டக்காரரைத் தாழ்வான, வேகமான பந்துகளால் ஓட வைக்கிறார்கள். இதற்கு இன்னொரு வாழ்வே விடை சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2005 முதல் 2008 வரை ஆடிய ஃபோலுகே அகின்ரடேவோவும் மிடில் பிளாக்கர்தான். உயரம் 191 சென்டிமீட்டர், ரெட்கியைவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறைவு. 2007-ல் அவரும் ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை ஆனார். பின்னர் அமெரிக்க அணிக்காக 2012 லண்டனில் வெள்ளி, 2016 ரியோவில் வெண்கலம், கொரோனாவால் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். டோக்கியோவுக்குப் போகும்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். உயரம் மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி ஒரு வாழ்வு அமைந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு எண்களைப் பற்றியது, கொஞ்சம் கூர்மையானது. நடு ஆட்டக்காரர்களின் அடி விகிதம் எப்போதுமே ஓரத்தவர்களைவிட நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அவர்கள் குறைவாகப் பார்க்கப்படுகிறார்கள் என்று சொல்கிறோம்? அடி விகிதம் என்பது அடித்து எடுத்த புள்ளிகளிலிருந்து பிழைகளைக் கழித்து மொத்த முயற்சிகளால் வகுப்பது. பத்து முயற்சியில் ஐந்து புள்ளி, ஒரு பிழை என்றால் .400. அந்த விகிதம் உயர்ந்திருக்கக் காரணம், நல்ல பாஸ் வந்தால்தான் அவருக்குப் பந்து கொடுக்கப்படுகிறது என்பதே. மோசமான பந்துகள் எல்லாம் ஓரத்தவர் கணக்கில் விழுகின்றன. ஆகவே இந்த விகிதம் அவரை மிகைப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அதே தாள் அவரது வெற்றுக் குதிப்புகளையும் மூடிய சந்துகளையும் பந்தின் வேகத்தைக் குறைத்த விரல் தொடுதல்களையும் எழுதாமல் விடுகிறது. ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் சொல்லும் தாளைக் கொண்டு அவரைத் தீர்ப்பிடக் கூடாது என்பதே என் வாதம். அடி விகிதம் நன்றாக இருப்பதால் அவர் பெரியவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. கண்ணுக்குத் தெரியாத பணி என்று சொல்லத் தொடங்கினால் யாரை வேண்டுமானாலும் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லிவிடலாமே. சோதிக்க முடியாத புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பணி தாளில் இல்லையே தவிர, சோதிக்க முடியாததல்ல. ஒரு நடு ஆட்டக்காரர் வலையோரம் இருக்கும் மூன்று சுற்றுகளையும், பின்வரிசைக்குப் போய் லிபரோவுக்கு இடம் விட்ட மூன்று சுற்றுகளையும் ஒப்பிடலாம். அவர் முன்னால் இருக்கையில் தன் அணியின் ஓரத்து ஹிட்டர்கள் எத்தனை முறை ஒற்றைத் தடுப்பாளரை மட்டும் எதிர்கொண்டார்கள், எதிரணியின் அடி விகிதம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம். அவர் பின்னால் போனதும் அணியின் இன்னொரு நடு ஆட்டக்காரர் முன்னால் வரும் சுற்றுகளோடும் அதைப் பொருத்திப் பார்க்கலாம். அவர் இருப்பதும் இல்லாததும் வேறுபாடே காட்டாவிட்டால், சாதாரண ஆட்டக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். சுழற்சி விதி ஒவ்வொரு செட்டிலும் இந்தச் சோதனையைத் தானாகவே நடத்திக் காட்டுகிறது. பார்க்க வேண்டியது நாம்தான்.

ஐந்து முறை முதல்தர நட்சத்திர அணியில் இடம்பெற்ற முதல் வீராங்கனை என்ற ரெட்கியின் சாதனை, கொரோனாவால் கிடைத்த கூடுதல் ஆண்டால்தான் சாத்தியமானது என்று சிலர் சொல்வதும் சரியே. கல்லூரி ஆட்டக்காரருக்கு வழக்கமாக நான்கு பருவங்கள்தான். இந்தக் கட்டுரையின் வாதம் அந்தச் சாதனையின் மேல் நிற்கவில்லை. நான்காண்டுக் கணக்கிலேயே அவர் மிகச் சிலரோடு நிற்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொழில்முறை ஆட்டத்துக்கு உடனே போய்விட முடிந்த ஒருவர், தன் நேரத்தை அறிந்த செட்டரோடு சேர்ந்து இன்னொரு ஆண்டு தங்கினார். ஹில்லியும் தங்கினார். 2021-ன் பட்டம் அந்தத் தங்குதலின் விளைவு. பெருமை செட்டருக்கா, நடு ஆட்டக்காரருக்கா என்று பிரிக்க முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் எழும்பும் ஒருவர் நடுவில் இருப்பதால்தான் செட்டருக்கு மூன்று வழிகள் திறக்கின்றன. அவர் ஒருமுறை சோம்பினால் எதிரணிக்கு வேலை எளிது. கொடுப்பவர் இல்லாமல் அடிப்பவர் இல்லை. நடுவில் எழும்புபவர் இல்லாமல் கொடுப்பவருக்குத் தேர்வும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கல்லூரி ஆண்டுகளுக்கு ஏன் இத்தனை கனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு என்ற 1972-ம் ஆண்டுச் சட்டம், டைட்டில் நைன், கல்லூரிப் பெண்கள் ஆட்டங்களுக்குப் பணமும் உதவித்தொகையும் வரக் கதவைத் திறந்தது. 1981-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் வாலிபாலுக்குத் தேசியப் போட்டி தொடங்கியது. 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் ஒரு கல்லூரி வாலிபால் ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் திரண்டார்கள். ஆனால் அண்மைக்காலம் வரை, கல்லூரி முடித்த வீராங்கனை ஊதியத்துக்கு ஆட வேண்டுமென்றால் பெரும்பாலும் இத்தாலிக்கோ துருக்கிக்கோ ஜப்பானுக்கோ விமானம் ஏற வேண்டியிருந்தது. ரெட்கியும் இத்தாலியின் மோன்சா அணிக்குப் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார். ஐந்தாண்டுக்கு முன் எதிரே நின்ற பிளம்மரும் அதே அணியில் இருந்தார்.

2024-லும் 2025-லும் அமெரிக்காவிலேயே முழுப் பருவ அளவில் பெண்களுக்கான தொழில்முறை லீக்குகள் தொடங்கிவிட்டன. அங்கே ஆட்டக்காரரின் மதிப்பு ஊதியமாக மாறும். ஊதியம் பேசும்போது கையில் எடுக்கப்படுவது எண்கள்தான். பெரிய அணிகளின் பயிற்சிக் குழுக்கள் ஒவ்வொரு தொடுதலையும் மென்பொருளில் பதிந்து, எந்தச் சுற்றில் யார் முன்னால் இருந்தபோது என்ன நடந்தது என்று ஏற்கெனவே பார்க்கின்றன. பொதுமக்கள் பார்க்கும் ஸ்கோர் தாளில் அவற்றில் இரண்டையாவது சேர்க்கலாம்: நடு ஆட்டக்காரர் முன்வரிசையில் இருக்கும்போது எதிரணியின் அடி விகிதம், பிளாக்கில் பந்தைத் தொட்டு வேகம் குறைத்த எண்ணிக்கை. இந்த இரண்டு வரிகள் இருந்தாலே, தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் ஒரு பள்ளி மாணவிக்கு, பந்தே வராமல் நாற்பது முறை குதித்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியவரும்.